பன்னிரண்டு பேர் சேர்ந்தால்

டேல் நியெமி என் அறைக்குள் வந்தபோது டீசல் வாசனையும் கூடவே வந்தது. விடியற்காலையிலிருந்து நெடுஞ்சாலையில் பனி தள்ளிவிட்டு, அந்தப் பெரிய வண்டியைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தான். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டின் தோளில் பனி இன்னும் கரையவில்லை. பின்னாலேயே வந்த அவன் மகள் ஐலி, அப்பாவின் பூட்ஸ் தரையில் விட்ட ஈரத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"காலைத் தட்டிட்டு வாங்கப்பா. லோர்னா மிஸ் ரூம் இது."

"இவ எப்போ மிஸ் ஆனா? என்கூட ஒரே பஸ்ல வந்தவ. என் டிபன் டப்பாவுல பாதி இவ வயித்துலதான் போச்சு."

"நீயா குடுத்தே. நான் ஒண்ணும் பிடுங்கல" என்றேன். ஐலிக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கக் குனிந்து பையைத் திறந்தாள்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் இதுதான் என் வேலை. மிச்சிகனின் இந்த வடகோடியில், ஏரியைப் பார்த்து நிற்கும் சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. மாணவர் ஆலோசகர் என்று நான் ஒருத்திதான். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாயையோ தகப்பனையோ கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் உட்காருவார்கள். வரும் ஆண்டு என்ன பாடம் படிப்பது என்று பேசி முடிப்போம். பாதி நேரம் பாடத்தைப் பற்றித்தான் பேசுவோம். மீதி நேரம் அந்த வீட்டில் எதைப் பேச முடியவில்லையோ அதைப் பேசுவோம்.

ஐலிக்கு வரப்போவது பள்ளியில் கடைசி ஆண்டு. கணக்கு, ஆங்கிலம், பொருளாதாரம், அவள் கிளாரினெட் வாசிக்கும் பேண்ட் வாத்தியக் குழு என்று ஏறக்குறைய எல்லாம் நிரம்பிவிட்டது. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அங்க பிசிக்ஸ்" என்றாள்.

"கேட்டவங்க மொத்தமே அஞ்சு பேர்தான் ஐலி. போன வருஷமும் இதே கதைதான்."

எங்கள் பள்ளி வாரியத்தின் விதி அது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு வகுப்பு ஓடும். போன வருடம் ஆள் சேராமல் இயற்பியல் ஓடவில்லை. பாடம் நடத்த வேண்டிய ஹெய்க்கினன் அந்த ஒரு மணி நேரமும், தானே படிக்கும் நேரம் என்ற பெயரில் தூங்குகிற பிள்ளைகளுக்குக் காவல் இருந்தார்.

ஐலி ஜன்னலைப் பார்த்தாள். "அப்போ நான் அம்மாகிட்ட போறேன். அங்க எல்லாப் பாடமும் இருக்கு."

டேலின் கை தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அது நின்றது.

அவள் அம்மா ட்ரேசி, எங்கள் வடபகுதியைத் தெற்கோடு இணைக்கும் பெரிய பாலத்தைத் தாண்டி, கிராண்ட் ராபிட்ஸில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மணமுறிவு ஆன கையோடு அங்கே போனவள். அப்போது ஐலிக்கு உயர்நிலைப் பள்ளி தொடங்கும் வயது. தோழிகள், கிளாரினெட், நாய் எல்லாம் இங்கே இருந்ததால் அப்பாவோடு இருந்துவிட்டாள். நாய் போன கோடையில் செத்துப்போனது.

"பாலத்துக்குக் கீழ பூதங்கதான் குடியிருக்கும்னு சின்னப் பிள்ளையில சொல்லிக்குடுத்தேனே, மறந்துட்டியா?" என்றான் டேல். தெற்கே இருப்பவர்களைப் பற்றி எங்கள் ஊர் வழிவழியாகச் சொல்லும் கிண்டல் அது. ஐலி சிரிக்கவில்லை.

"இன்ஜினியரிங் போகணும்னா பிசிக்ஸ் வேணும்ப்பா. நீங்கதானே படி படின்னு சொல்வீங்க."

"சொன்னேன்தான்." என் பக்கம் திரும்பினான். "பன்னெண்டு பேர் வந்தா ஓடுமா, லோர்னா?"

"ஓடும். மார்ச் முடியறதுக்குள்ள வரணும். இன்னும் ஏழு பேர்."

"அந்த அஞ்சுல இவளும் உண்டா?"

"உண்டு."

தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டான். போகும்போது தன் பூட்ஸ் ஈரத்தைத் தானே ஒரு காகிதத் துண்டால் துடைத்துவிட்டுப் போனான்.

*

டேல் அதிகம் பேசுகிறவன் இல்லை. பனி தள்ளும் வண்டியில் பல வருடம் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? ஆனால் அந்த மார்ச் மாதம் அவன் பேச்சைக் கேட்காத வீடு எங்கள் ஊரில் இல்லை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மாதா கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் மீன் பொரித்துப் போடுவார்கள். எந்த சபையாக இருந்தாலும் ஊரே அங்கேதான் சாப்பிடும். நான் தட்டோடு வரிசையில் நின்றேன். டேல் தன் தட்டைக் கீழே வைக்காமலே ரிக் மாக்கியின் மேசையருகே நின்றுகொண்டிருந்தான்.

"ரிக், உன் பையன் அடுத்த வருஷம் என்ன எடுக்கிறான்?"

"தூக்கம். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு."

"பிசிக்ஸ் எடுக்கச் சொல்லேன்."

"ட்ராவிஸையா? டேல், போன வாரம் உறைஞ்ச ஏரியில ஐஸை வெட்டி மீன் பிடிக்கப் போயிட்டு, தான் நின்னுக்கிட்டிருந்த இடத்தைச் சுத்தியே ஓட்டை போட்டவன்யா அவன்."

"அவனுக்குத்தான் முக்கியமா வேணும்" என்றான் டேல்.

மேசையே சிரித்தது. ட்ராவிஸ் காது சிவக்க உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தான். திங்கட்கிழமை காலையில் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், என் பேரைப் போட்டுக்குங்க. அந்த ஐஸ் ஏன் உடையலன்னு எனக்கும் தெரியணும்."

அடுத்து ஹாக்கி மைதானத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பிறகு பெட்ரோல் கடை சலோ வீட்டுப் பெண் ப்ரூக், தையல் வகுப்பை எடுத்துவிட்டு இயற்பியல் போடச் சொன்னாள்.

"உனக்குப் பிடிக்குமா ப்ரூக்?"

"யாருக்குத் தெரியும்? டேல் அங்கிள் கடைக்கு வந்தா காபியை வாங்கிட்டுப் போகவே மாட்டேங்குறார். பின்னாடி வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. 'நீ பேரைக் குடுத்துட்டு வாடி, மனுஷன் போகட்டும்'னு எங்கம்மாதான் அனுப்பினா."

ஹெய்க்கினன் ஆசிரியர் அறையில் என்னை மடக்கினார். "லோர்னா, ஊர்ல என்ன நடக்குது? ரோட்ல என் காரை நிறுத்தி, பிசிக்ஸ் கஷ்டமா இருக்காதுன்னு உறுதி குடுங்கன்னு கேட்கிறான் அந்த ஆளு."

"குடுத்தீங்களா?"

"பின்னாடி இருந்து ஹாரன் அடிச்சாங்க. குடுத்துட்டேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வகுப்பு ஓட வேண்டும் என்பதில் எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டு வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பனி தள்ளும் வண்டி போனால் சாலை சுத்தமாகிவிடும். தள்ளிய பனியெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு கரையாகக் குவிந்துவிடும். அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் காரை வெளியே கொண்டுவர முடியும். காலையில் ஊர் முழுக்க அந்த வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டே மண்வெட்டி பிடிக்கும். இந்தக் குளிர்காலத்தில் என் வாசலில் மட்டும் அந்தக் கரை இல்லை. தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள் விளக்கைப் போடாமல் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டி என் வாசல் அருகே வந்ததும் வேகம் குறைந்தது. முன்தகடு கொஞ்சம் திரும்பி, பனியை எதிர்ப்பக்கம் தள்ளி, வாசலைத் தாண்டியதும் பழைய நிலைக்கு வந்தது. டேல் என் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் நன்றி சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். பெயர் வந்தால் நின்றும் போகலாம். ஐலி இருக்கிற வீட்டில் டேல் முழு மனுஷனாக இருந்தான். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் எந்த ஜன்னலில் விளக்கு எரியும் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆள் சேரட்டும், வகுப்பு ஓடட்டும் என்று நானும் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் முடிவதற்குள் தேவைக்கு ஒரு பெயர் கூடுதலாகவே வந்துவிட்டது. யாராவது கடைசி நேரத்தில் பின்வாங்கினால் இருக்கட்டும் என்று டேல் சேர்த்திருப்பான் என நினைத்துக்கொண்டேன்.

*

அந்தக் கடைசிப் பெயர் வந்த மறுநாள் மதியம் ஐலி தனியாக வந்தாள். சாப்பாட்டு நேரம். கதவைச் சாத்திவிட்டு, என் சுவரில் இருக்கும் காந்தப் பலகையின் முன்னால் போய் நின்றாள். அடுத்த ஆண்டின் கால அட்டவணை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வண்ண அட்டை. ஜூன் வரை அவற்றை நகர்த்தி நகர்த்தித்தான் என் விரல் தேயும்.

"பிசிக்ஸ் அட்டையை எங்க வெப்பீங்க மிஸ்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"பேண்ட் நாலாவது பீரியட்தானே? பிசிக்ஸையும் அங்கேயே வெச்சிடுங்க."

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய பள்ளிகளில் ஒரே பாடம் நாலு நேரம் நடக்கும். எங்களிடம் பேண்டும் ஒன்றுதான், இயற்பியலும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் இரண்டும் வேண்டும் என்கிற பிள்ளை ஒன்றை விட்டே ஆக வேண்டும். அப்படி எதுவும் மோதாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். இந்தப் பெண் மோத வைக்கச் சொல்கிறாள்.

"பேண்டை நான் விடமாட்டேன்னு அப்பாவுக்குத் தெரியும். அப்போ பிசிக்ஸ் கிடைக்காது. கிடைக்கலன்னா..." அத்தோடு நிறுத்திவிட்டாள்.

"கிடைக்கலன்னா அம்மாகிட்ட போகலாம்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன வருஷம் ஓடலன்னு தெரிஞ்சுதான் மிஸ் பிசிக்ஸைச் சொன்னேன். இந்த வருஷமும் ஓடாதுன்னு நினைச்சேன். அப்பா மீன் தட்டைத் தூக்கிக்கிட்டு ஆள் பிடிப்பார்னு யாருக்குத் தெரியும்?" சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நான் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தினேன்.

"அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட். காலையில வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழட்டாம கிச்சன்ல நின்னுக்கிட்டே பால்ல கார்ன்ஃப்ளேக்ஸ் போட்டுச் சாப்பிடுவாங்க. கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தப்போ தினம் நானும் எழுந்து கூட நின்னேன். ஒண்ணும் பெரிசா பேசல. ராத்திரி வந்த பேஷண்ட் யாரு, வழியில என்ன பாத்தாங்க, அவ்வளவுதான். எனக்கு அது வேணும் மிஸ். ஒரு வருஷம்."

"இதை அப்பாகிட்ட சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? பிசிக்ஸ் இல்லன்னா ஸ்கூல் மேல கோவப்படுவார். அம்மா வேணும்னா அவர் யார் மேல கோவப்படுவார்?"

மணி அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளைகள் எல்லாம் பேருந்து ஏறிய பிறகு அந்த அட்டையோடு பலகையின் முன்னால் நின்றேன். மஞ்சள் அட்டை. நாலாவது கட்டத்தில் வைத்தால் போதும், யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. டேல் என்னைக் கோபித்துக்கொள்வான். வாரியத்தைத் திட்டுவான். மகள் நல்ல பிள்ளையாகவே போய்விடுவாள். மோதாமல் வைத்தால், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவள் இங்கேயே இருந்துவிடவும் கூடும். என்னுள் ஒருத்தி அதைத்தான் விரும்பினாள். அவள் விரும்பியது ஐலிக்காக அல்ல என்பதும் எனக்குத் தெரிந்தது.

ட்ராவிஸ் பேண்டில் முரசு அடிக்கிறான். ஹாக்கிப் பையன்களில் ஒருவன் ட்ரம்பெட். நாலாவதில் வைத்தால் அவர்களுக்கும் போய்விடும். அட்டையை எதனோடும் மோதாத இரண்டாவது கட்டத்தில் ஒட்டிவிட்டு விளக்கை அணைத்தேன்.

*

ஏப்ரலில் அட்டவணையைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்காக மறுபடியும் எல்லாரும் வருவார்கள். டேல் அலுமினியத் தாளில் சுற்றிய பேஸ்டிகளோடு வந்தான். இறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் வைத்துச் சுட்டவை, இன்னும் சூடாக இருந்தன.

"இதுக்குத் தொட்டுக்க நீ கெட்சப் கட்சியா, கிரேவி கட்சியா? மறந்துபோச்சு" என்றான்.

"கெட்சப்."

"நல்லவேளை. இல்லன்னா எடுத்துட்டுப் போயிருப்பேன்."

ஐலி அவனுக்குப் பக்கத்தில் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டவணையை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

"பிசிக்ஸ் ஓடுது. ரெண்டாவது பீரியட். பேண்டோட மோதல."

டேல் சிரித்தான். எனக்கு நினைவு தெரிந்த அந்தப் பழைய பேருந்துச் சிரிப்பு. பிறகு மகளைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்று, மெல்ல இறங்கியது.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"எனக்கு பிசிக்ஸ் பிடிக்கும். அது பொய் இல்ல."

"தெரியும்."

"ஆனா இங்க ஓடினாலும் நான் போகணும்ப்பா. அம்மாகூட ஒரு வருஷம் இருக்கணும். அதுக்கப்புறம் காலேஜ் போயிடுவேன். உங்க ரெண்டு பேர்கூடவும் இருக்க முடியாது." கிளாரினெட் பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினாள். "நீங்க இவ்வளவு அலைஞ்சீங்க. எனக்கு முன்னாடியே சொல்லத் தெரியல."

டேல் ஒரு பேஸ்டியின் தாளைப் பிரித்தான். நிதானமாக, நாலு பக்கமும் கிழியாமல் பிரித்தான். அதை அவள் முன்னால் நகர்த்தினான்.

"ஆறிடப் போவுது, சாப்பிடு."

"அப்பா..."

"உங்கம்மாவுக்குக் காபி போட வராது. வெந்நீர்ல பழுப்புக் கலர் போட்டுக் குடிப்பா. காலையில அவ வர்ற நேரத்துக்கு நீ நல்லதா ஒண்ணு போட்டுக் குடு."

ஐலி அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் கை அவள் முதுகில் பட்டும் படாமலும் இருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வாகன நிறுத்தத்தில் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது.

பேண்ட் பயிற்சிக்கு மணி அடித்ததும் அவள் பேஸ்டியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். டேல் எழுந்திருக்கவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், செய்தே ஆக வேண்டிய வேலையைச் செய்தேன். இயற்பியல் வகுப்பிலிருந்து ஐலியின் பெயரை எடுத்துவிட்டு மீதியை எண்ணினேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

"ஏழு பேர் போதும்னு சொன்னேன். நீ எட்டுப் பேரைப் பிடிச்சிருக்கே" என்றேன்.

"ம்."

"ஒண்ணு கூடுதலா இருக்கட்டும்னா?"

காலித் தாளை மடித்தான். இன்னும் சின்னதாக மடித்தான். "அவளைச் சேர்த்து எண்ண மனசு வரல, லோர்னா. சேர்த்துட்டா அப்புறம் கழிக்கணுமே. அவ போனாலும் இந்தப் பிள்ளைங்களுக்கு வகுப்பு நிக்கக் கூடாதில்ல?"

"அப்போ உனக்கு முன்னாடியே தெரியும்."

"அன்னிக்கு ஜன்னலைப் பாத்துக்கிட்டுப் பேசினாளே. என் மக பொய் சொன்னா ஜன்னலைப் பாப்பா. சின்ன வயசுப் பழக்கம்."

"தெரிஞ்சும் ஏன் ஊரெல்லாம் அலைஞ்சே டேல்?"

ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தான், பாதியில் விட்டான்.

"ஒருவேளை நிஜமாவே பிசிக்ஸாத்தான் இருந்துட்டா?" என்றான்.

*

ஆகஸ்டில் ஐலி பாலத்தைத் தாண்டிப் போனாள். செப்டம்பரில் இயற்பியல் ஓடத் தொடங்கியது. ஹெய்க்கினன் பத்து வயது குறைந்தவர் மாதிரி நடந்தார். ட்ராவிஸ் மாக்கி சாய்தளத்தில் ஹாக்கி ஆடும் ரப்பர் வட்டை வழுக்கவிட்டுக் கண்ணாடிக் கதவை உடைத்தான். அதற்கான கணக்கையும் அவனையே போடச் சொன்னார்கள், சரியாகவே போட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்து போகும் வழியில் டேல் என் அறைக்கு வருவான். முதல் தடவை வாசலிலேயே நின்று காலைத் தட்டினான்.

"இந்த வாரம் ஹெய்க்கினன் என்ன நடத்தினார்?"

"ஏன், நீ சேரப் போறியா?"

"ஞாயித்துக்கிழமை அவ போன் பண்ணுவா. சாப்பிட்டியா, சாப்பிட்டேன்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோவுது. அங்கயும் இதே பாடம்தானாம். கேட்டு வெச்சுக்கிட்டா நானும் ஏதாவது பேசலாம்."

நான் ட்ராவிஸைக் கூப்பிட்டேன். அவன் கையை ஆட்டி ஆட்டி உராய்வைப் பற்றிச் சொன்னான். டேல் பனிச் சாலையில் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் அவனுக்கே பாதி தெரிந்திருந்தது. மீதியை இரண்டு தரம் கேட்டுக்கொண்டான். மறு வெள்ளிக்கிழமை நானே ஹெய்க்கினனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். காபியும் போட்டு வைத்திருந்தேன்.

"ரெண்டு பேரும் பேசினீங்களா?"

"முக்கால் மணி நேரம்." அவனுக்கே நம்பிக்கை வராத முகம். "அவங்க இங்கத்தவங்களை விட ஒரு பாடம் முன்னால போறாங்களாம். எனக்கே சொல்லிக்குடுத்தா. பின்னாடி ட்ரேசி சிரிக்கிற சத்தம் கேட்டுது." காபியைக் குடித்தான். "பிள்ளை சந்தோஷமா இருக்கா."

கிளம்பும்போது கதவருகே நின்றான். ஏதோ சொல்ல வருகிறான் என்று நினைத்தேன்.

"அடுத்த வாரம் என்ன பாடம்?" என்றான்.

"இன்னும் தெரியாது. நீ வா, சொல்றேன்."

நவம்பரில் முதல் பெரிய பனி விழுந்தது. விடிவதற்கு முன்பே தூரத்தில் அந்த வண்டியின் உறுமல் கேட்டது. போன குளிர்காலத்தில் நான் இருட்டில் நின்றுதான் பார்த்தேன். இந்த முறை சமையலறை விளக்கைப் போட்டேன்.

வண்டி வந்தது. என் வாசலருகே வேகம் குறைந்தது. தகடு திரும்பியது, பனி எதிர்ப்பக்கம் புரண்டு விழுந்தது. வாசலைத் தாண்டிய பிறகு வண்டி நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மஞ்சள் விளக்கு மேலே சுழன்றுகொண்டே இருந்தது. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பிறகு அது மெதுவாக மேடேறிப் போனது. அன்று செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் அணைக்காமல் விட்ட விளக்கின் கீழே உட்கார்ந்து, ஹெய்க்கினனிடம் இந்த வாரப் பாடத்தைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.